கரண்ட் போனால் இஞ்ஞாசி

இஞ்ஞாசி அண்ணனைப் பற்றி எழுத உட்கார எனக்கு இத்தனை வருடம் ஆகிவிட்டது. மேட்டுப்பட்டி மாதா கோயில் பேண்டு செட்டில் டிரம் தட்ட ஆரம்பித்து, எண்பதுகளில் திண்டுக்கல் மெல்லிசைக் குழுக்களிலேயே பேர்போன ஜாஸ் டிரம்மர் ஆனவர். எங்கள் குழுவில் நான் ஆர்கன். எனக்குக் கிடைக்க வேண்டிய விசிலெல்லாம் அவருக்குத்தான் போகும்.

காரணம், மின்வெட்டு. கரண்ட் போனால் மைக், கிதார், என் ஆர்கன் எல்லாம் படுத்துவிடும். டிரம்ஸுக்குக் கரண்ட் எதற்கு? ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும்வரை கூட்டம் கலையாமல் இருக்க, கண்ணை மூடிக்கொண்டு தனியாக வெளுத்துக்கட்டுவார். விளக்கு எரிந்ததும் நான் பாட்டின் முதல் வரியை வாசிப்பேன். அதைக் கேட்டு அவர் அடங்கி, பாட்டுக்குள் வந்துவிடுவார். கரண்ட் எப்போது போகும் என்று காத்துக்கிடந்த ஜனங்களை நான் பார்த்திருக்கிறேன்.

எண்பத்தாறில், சின்னாளபட்டியில் ஒரு நெசவுக்கார வீட்டுக் கல்யாண வரவேற்பு. பொழுது சாயும்போது கரண்ட் போனது. அண்ணன் ஆரம்பித்தார். ஜெனரேட்டர் ஓடியது, நான் முதல் வரியை வாசித்தேன். அவர் நிறுத்தவில்லை. பாடகி மாலதி மைக்கிலேயே, "அண்ணே, நிறுத்துங்கண்ணே" என்றாள். அதற்கும் அசையவில்லை. எங்களோடு மல்லுக்கு நிற்கிறார் என்று கூட்டம் விசிலடித்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன். இவ்வளவு திமிரா என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஆர்கனை முழுச் சத்தத்தில் வைத்தேன். ஸ்பீக்கர் அவர் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது.

முன்வரிசையில் இருந்த அவர் மனைவி புஷ்பமேரி அக்கா மேடையேறி வந்து, அதிர்ந்துகொண்டிருந்த சிம்பல் தட்டை இரண்டு கையாலும் பிடித்தார். அண்ணன் கண்ணைத் திறந்து விளக்குகளைப் பார்த்தார்.

"கரண்டு வந்துருச்சா? எப்ப வந்துச்சு?"

நான் ஆர்கனிலிருந்து கையை எடுத்தேன். மற்ற பாட்டுக்கெல்லாம் எங்கள் கையையும் மாலதியின் வாயையும் பார்த்தே வாசித்திருக்கிறார். ராத்திரிக் கச்சேரிகளில் விளக்கு எரிந்தால் மூடிய கண்ணுக்கும் வெளிச்சம் தெரிந்திருக்கும்; இன்று பகல் வெளிச்சம் மிச்சமிருந்ததில் அது தெரியாமல் போயிருக்கிறது. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியவில்லை.

"ஒரு வருசமாவே காது சுத்தமா கேக்கல தம்பி. வெளிய தெரிஞ்சா மேடை போயிரும்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டாரு. இன்னியோட போதும்" என்று அக்கா அழுதார்.

அதற்குள் மாப்பிள்ளையின் தாய்மாமன் பொம்மையன் ஓடிவந்து அண்ணனுக்குத் துண்டு போர்த்தினார். "அடுத்த மாசம் எம் மக கல்யாணம். நீங்கதான் வாசிக்கணும். கரண்டு போகாட்டி நானே மெயின ஆஃப் பண்ணிருவேன்" என்றார்.

அண்ணன் சிரித்தபடி அக்கா பக்கம் திரும்பினார். "என்ன சொல்றாரு?"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் முகத்துக்கு நேரே நிறுத்தி நிறுத்தி வாயசைத்தார்.

"சாப்புடக் கூப்புடுறாரு."

அண்ணன் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். அதுதான் அவருடைய கடைசிக் கச்சேரி.