பிஸ்கட் டின் கருவியும் என் தொப்பியும்

கண் சிமிட்டும் நேரத்தை அளந்து பிழைப்பவனுக்கு மூச்சு விட நேரம் கிடைப்பதில்லை. கடிகாரம் பழுதுபார்க்கும் சகோதரர்களே, உங்களுக்குத் தெரியாததா?

சிங்கப்பூர் தேக்காவில் கடிகாரக் கடை வைத்திருந்த என்னை யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் பிடித்துக்கொண்டார். டிராம் ஓட்ட வருகிறவர்கள் விளக்கைக் கண்டதும் எவ்வளவு சீக்கிரம் கையை அசைக்கிறார்கள் என்று அவர் சோதிக்க வேண்டும். ஜெர்மன் கருவி யானை விலை. நான் ஒரு பிஸ்கட் டின்னைக் கடிகாரச் சக்கரத்தில் சுழலவிட்டு, விளக்குப் புகையில் காட்டிக் கரி படியவிட்ட தாளை அதன்மேல் சுற்றினேன். தட்டினால் நடுங்கும் இரும்புக் கவை அந்தக் கரியில் நெளிநெளியாகக் கோடு கீறும். விளக்கு தெரிந்ததற்கும் ஆள் பித்தானைத் தட்டியதற்கும் நடுவே எத்தனை நெளி என்று எண்ணினால் நேரம் வந்துவிடும்.

"இது சரிவராட்டில் ஜெர்மனிக்கு எழுதிப்போடுவன், பாய். நீர் கடைக்கே போகலாம்" என்றார் டாக்டர். கடையை அதற்குள் மச்சானிடம் கொடுத்துத் தொலைத்திருந்தேன்.

உத்தரவு

முதல் ஆள் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். விளக்கு தெரிந்ததும் தட்ட வேண்டும் என்று மூன்று தடவை சொல்லிவிட்டு, விளக்கை மறைத்த தகர மூடியைத் திறந்தேன். மனிதர் பித்தானையும் பார்க்கிறார், என்னையும் பார்க்கிறார், கை மட்டும் மடியைவிட்டு எழவில்லை. தாள் தீர்ந்தது. கத்திவிட்டேன்.

"அடுத்தவங்க சாமானாச்சே! இப்பத் தொடுன்னு நீங்க சொல்லவே இல்லையே, பாய்?"

கரி

ஒரு வாரத்துத் தாள்களை மேசையில் அடுக்கிவிட்டுத் தொழுகைக்குப் போனேன். திரும்பி வந்தால் அத்தனையும் பளபளவென்று வெள்ளை. டாக்டரின் மருந்தகத்தைப் பெருக்கும் அஞ்சலை வியர்வையைத் துடைத்துக்கொண்டு பெருமையாக நின்றாள்.

"ஒரே கரி, பாய். தேய்ச்சுத் தேய்ச்சு எனக்குக் கையே விட்டுப்போச்சு!"

கச்சாங் பூத்தே

பிறகு வந்தவர்கள் எல்லாரும் மின்னல் வேகம். எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. வாசலில் கச்சாங் பூத்தே கடலை விற்கும் வேலு அண்ணனுக்கு இரண்டு கண்ணும் தெரியாது. அவரும் தட்டிப் பார்க்க ஆசைப்பட்டார். விளையாட்டாக உட்காரவைத்தேன். எல்லாரையும்விட வேகமாகத் தட்டிவிட்டார்!

மூடி திறக்கும் 'டக்' சத்தத்துக்குத்தான் இத்தனை நாளும் எல்லாரும் தட்டியிருக்கிறார்கள். டாக்டர் ஜெர்மனிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார்.

நான் என் தொப்பியின் வெல்வெட்டைக் கிழித்து மூடியின் விளிம்பில் ஒட்டினேன். வேலு அண்ணனை மறுபடி உட்காரவைத்துத் திறந்தேன். விளக்கு எரிகிறது, டின் சுற்றுகிறது, அவர் விரல் பித்தான்மேல் அப்படியே நிற்கிறது. டாக்டரின் பேனாவும் நின்றுவிட்டது.

"என்ன பாய், இன்னும் ஆரம்பிக்கலையா?"

டாக்டர் பாதியில் நிறுத்திய கடிதத்தாளில்தான் வேலு அண்ணன் அன்று எனக்குக் கடலை மடித்துக் கொடுத்தார்; மச்சானிடம் போய்க் கடையைத் திருப்பிக் கேட்கும் வெட்கக்கேட்டிலிருந்து நான் அரைத் தொப்பியோடு தப்பித்தேன்.