புளிமாங்காய் வந்த நோன்பு

“நோன்பு நோற்கக் கூடாது. குளிசைகளைச் சாப்பாட்டுக்குப் பின், நேரம் தவறாமல்.” என் கிளினிக் கொப்பியில் வைத்தியர் எழுதிய குறிப்பு இது. அவர் ஆங்கிலத்தில் எழுதினார், தமிழ் என்னுடையது. கீழே அவர் இட்ட திகதி, அந்த வருட நோன்பு தொடங்குவதற்கு இரண்டு நாள் முந்தியது. பிறைக் கணக்கையும் பக்கத்தில் பென்சிலால் குறித்து வைத்தேன். எங்கள் ஊரான கனமூலையில் எந்தக் கிணறு எந்த வருடம் வெட்டப்பட்டது என்று கேட்டு எழுதிவைக்கிறவள் நான். என் உடம்புக்கு மட்டும் திகதி போடாமல் விட முடியாது.

எனக்கு மூன்று வருத்தங்கள். லூபஸ், தைராய்டு, வாயும் கண்ணும் வறண்டுபோகிற இன்னொன்று. மூன்றும் வெளியே தெரியாது. தெரிவதெல்லாம் நேர்மாறானது: லூபஸுக்குத் தருகிற குளிசை கன்னத்தை உப்ப வைக்கும், வயிற்றைத் தள்ள வைக்கும். விரல் மூட்டுகள் எரிந்து எழும்ப முடியாத காலையில்தான் யாராவது வந்து “நல்லாத் தேறிட்டீங்க” என்பார்கள். வாய் காய்ந்தால் உமிழ்நீர் ஊறட்டும் என்று ஒரு துண்டு தேசிக்காய் ஊறுகாயை நாக்கடியில் வைத்துக்கொள்வேன்.

அந்த முறை சிறுநீர்ப் பரிசோதனையில் புரதம் கண்டிருந்தது. குளிசை தவறினால் சிறுநீரகம் போகும் என்று வைத்தியர் ஒளிக்காமல் சொன்னார். நோன்பை விடுவதற்கு மார்க்கத்திலும் தடை இல்லை. தீராத நோயாளி நோன்புக்குப் பதில் ஏழைக்கு உணவு கொடுக்கலாம். பிறை கண்ட அன்றே அதற்கு ஏற்பாடு செய்துவிட்டேன். சிக்கல் சாப்பிடுகிற இடத்தில் இருந்தது.

எங்கள் பக்கத்தில் நோன்பில்லாத பெண் பகலில் மறைவாகத்தான் சாப்பிடுவாள். மாதத்தில் சில நாள் எல்லாப் பெண்ணுக்கும் அது உண்டு. எவரும் கேட்கமாட்டார்கள், எவளும் சொல்லமாட்டாள். அந்த மரியாதையை நானும் பிடித்துக்கொண்டேன். சாமானறையில் அரிசி மூட்டைக்கும் தேங்காய்க் குவியலுக்கும் நடுவில் இருந்து பாண் தின்பேன். வாசலில் சத்தம் கேட்டால் தட்டை மூடிவிட்டு எழும்பிப் போவேன். சாப்பாடு தள்ளும், சாப்பாட்டோடு குளிசையும் தள்ளும். நோன்பு பாதி கழிவதற்குள் மத்தியானக் குளிசை பின்னேரத்து அஸர் தொழுகை வரை போகத் தொடங்கியது. கால் வீங்கியது.

ஒரு நாள் மத்தியான லுஹர் தொழுகைக்குப் பிறகு தம்பியின் மனைவி, என் மச்சி, கேட்காமலே சாமானறைக் கதவைத் தள்ளினாள். கையில் ஒரு பை. முந்தல் கடையில் வாங்கிய புளிமாங்காய்.

“மறைக்காதீங்க மச்சி. எத்தன மாசம்?”

வாயில் பாண் இருந்தது. “என்னது எத்தன மாசம்?”

“நோம்பு ஒண்டும் பிடிக்கல்ல. கன்னம் வெச்சிருக்கு. எந்நேரமும் ஊறுகாய். எனக்குக் கண் இல்லயா? அல்லாஹ் தந்தா வாங்கத்தானே வேணும், இதுல என்ன வெக்கம்?”

“எனக்கு நாப்பத்தேழு வயசு.”

“அதத்தான் நானும் யோசிச்ச. நல்லாச் சாப்பிடட்டும் எண்டு மாங்காயும் கொண்டந்த.”

சிரிப்பில் பாண் புரையேறியது. தண்ணீர் குடித்து, நான்கு குளிசைகளையும் உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். “கன்னம் வெச்சது இந்த வெள்ளக் குளிசையால. ஊறுகாய், வாய் காயிறதுக்கு. நோம்பு பிடிச்சா கிட்னி போயிடும் எண்டு டாக்குத்தர் சொல்லியிருக்கார்.”

மச்சி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு தலையில் கை வைத்தாள். “யா அல்லாஹ், எலுவன்குளத்து மாமிக்குப் போன்ல சொல்லிட்டனே!”

“என்னெண்டு?”

“ரெட்டப் புள்ளயா இருக்கும்போல எண்டு.”

“ரெண்டில்ல, மூணு எண்டு சொல்லுங்க. மூணும் வருத்தம்.”

அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன். மறைந்து சாப்பிடுகிற வழக்கம் சில நாட்களுக்காக உண்டானது. ஆயுளுக்கும் கூட வருகிற நோய்க்கு அது காணாது. தட்டைத் தூக்கிக்கொண்டு முன் ஹோலுக்கு வந்து கதிரையில் இருந்தேன்.

“வாசல் திறந்திருக்கு மச்சி” என்றாள் பின்னால் வந்தவள்.

“இருக்கட்டும். கேக்கிறவங்களுக்குச் சொல்லுவன்.”

“நீங்க சாப்பிடுங்க, நான் சொல்றன். நான்தானே மத்தக் கதயச் சொல்லித் திரிஞ்ச.”

நோன்பாளியான அவளே கூசாவில் தண்ணீர் கொண்டுவந்து வைத்து, எதிரில் இருந்துகொண்டாள். தேங்காய் கேட்டு வந்த பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தபோது, “புள்ளயுமில்ல ஒண்டுமில்ல, வருத்தம். நல்லாப் பாத்துட்டுப் போங்க” என்றாள். அன்று தொடங்கி மத்தியானக் குளிசை ஒரு நாளும் பிந்தவில்லை. பெருநாளைக்குப் பிந்திய பரிசோதனையில் புரதம் குறைந்திருந்தது. அறிக்கை கொப்பியில் ஒட்டியிருக்கிறது. இப்போதும் நோன்புப் பகலில் அந்தக் கதிரையில்தான் சாப்பிடுகிறேன்.

அன்று ஊறுகாய்ப் போத்தலைப் பார்த்துக்கொண்டே மச்சி இன்னொன்றும் சொன்னாள். தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்து எல்லோரும் ஒரே முகாமில் இருந்த காலத்தில் அவள் எங்கள் அடுத்த குடிசை. “உங்கட உம்மாவும் இப்பிடித்தானே. வாயில எப்பவும் ஒரு துண்டு கொறுக்காப்புளி. வெயிலுக்குள்ள வரவே மாட்டா. வேலக்கள்ளி எண்டு எங்கட உம்மாமாரெல்லாம் சிரிப்பாங்க.”

எனக்கும் அது நினைவிருக்கிறது. காலையில் விரல் மடங்காமல் உம்மா சுளகைக் கீழே வைத்ததும் நினைவிருக்கிறது. குடும்பத்தில் யாருக்காவது இது இருந்ததா என்று வைத்தியர் முதல் நாளே கேட்டார். இல்லை என்று சொல்லியிருந்தேன். அடுத்த கிளினிக்கில் அந்தப் பதிலைத் திருத்தினேன். ஆனால் உம்மா எந்த இரத்தப் பரிசோதனையும் செய்யாமலே மௌத்தானார். மன்னாரில் வைத்தியம் பார்த்த துண்டுச் சீட்டுகள் ஏதும் இருந்திருந்தால், அவை வீட்டோடு அங்கேயே போய்விட்டன. உம்மாவுக்கும் இதே வருத்தம்தான் இருந்தது என்பது இன்னும் உறுதிப்படுத்தப்படவில்லை.