சனிக்கிழமை பஸ்

இன்று சனிக்கிழமை. காலையில் தக்கலை பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்தேன். கள்ளு வாடை குப்பென்று அடித்தது.

போன வருஷம் குடித்துவிட்டு ஓட்டி, ஒரு பெண்ணின் காலை முறித்தவர் இவர்.
சர்ச்சின் மதுவிலக்குச் சங்கத்துக்கு வாராவாரம் போனால்தான் லைசென்ஸ் என்றது கோர்ட்டு.

“அண்ணாச்சி, சங்கத்துக்குப் போறதில்லியா?” என்றேன்.

“ஒரு ஞாயித்துக்கிழமை தவறுனதில்ல மக்கா! வேதத்துல கைய வச்சு வாராவாரம் புதுசா சத்தியம் பண்ணச் சொல்லுவாவ. இந்த வாரச் சத்தியம் இன்னைக்குப் போச்சுன்னா என்ன, நாளைக்குப் புதுசு உண்டுல்லா!”

எதிரே வந்த மாட்டுவண்டிக்காரர் அலறியபடி வண்டியை ஓரத்தில் இறக்கினார்.

இறங்கிவிட எழுந்தேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன். அடுத்த பஸ்ஸின் டிரைவரும் அதே சங்கத்துக்காரர்தான்.

நீங்களெல்லாம் சனிக்கிழமை எதில் போகிறீர்கள்?