ரிஸ்க் டிபார்ட்மென்டில் ஒரு அமாவாசை

வங்கியில் ரிஸ்க் மேனேஜ்மென்ட் என்பது, கடன் திரும்பி வராவிட்டால் யாரைத் திட்டுவது என்று கடன் கொடுக்கும் முன்பே முடிவு செய்துகொள்ளும் தொழில். டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு காலி நாற்காலி தேடியிருக்கிறீர்களா? அப்படியானால் நமக்குள் அதிக விளக்கம் வேண்டாம்.

மாணவர்

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்று, சொந்த ஊர் முசரவாக்கத்துக்குத் திரும்பினேன். சும்மா இருக்க என்னால் முடியவில்லை. நான் சும்மா இருப்பதைப் பார்க்க வீட்டில் யாராலும் முடியவில்லை. அஞ்சல் வழியில் எம்.பி.ஏ. சேர்ந்தேன். கடைசி செமஸ்டரில் இரண்டு மாதம் இன்டர்ன்ஷிப் கட்டாயம். காஞ்சிபுரத்தில் ஒரு வங்கி சேர்த்துக்கொண்டது. ‘ஏ’ கிரேடு வாங்கிக் காட்டுகிறேன் என்று மருமகனிடம் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்க வேண்டாம்.

முதல் நாள் கழுத்தில் ‘மாணவர்’ என்ற அட்டையோடு போனேன். வாசலில் செக்யூரிட்டி மறித்தார். அட்டையைப் படித்தார். என் முகத்தைப் பார்த்தார்.

“பேரப் பையனோடத மாட்டிக்கினு வந்துட்டியா பெரியவரே? பென்ஷன் கவுண்டர் அந்தாண்ட.”

முக்கிய நபர்

எனக்கு மேலதிகாரி ரிஸ்க் ஆபீசர் திவ்யா. என் மகளைவிடச் சின்னவர். ஒரு டேப்லெட்டைக் கையில் கொடுத்தார். கடன் கேட்பவரிடம் கேள்வி கேட்டு டிக் அடிக்க வேண்டும். பதிலுக்கு ஏற்றபடி திரை பச்சையோ சிவப்போ ஆகும். ஒரு கேள்வி: ‘தொழிலின் முக்கிய நபர் எதிர்பாராமல் இல்லாது போனால் தொழிலின் நிலை என்ன?’

கோயில் பக்கம் பூஜை சாமான் கடை வைத்திருப்பவரிடம் இதைக் கேட்க வேண்டியிருந்தது. சுற்றி வளைக்க எனக்கு வராது. “நீங்க செத்துட்டா கடை என்ன ஆவும்?” என்றேன். அவர் கற்பூரம் மடிப்பதை நிறுத்தவில்லை. உள்ளே உட்கார்ந்திருந்த மனைவியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

“நல்லா ஆவும் சார். கடனுக்குக் குடுக்கறது நானு, போயி வசூல் பண்றது அவ.”

பச்சை.

பூட்டிய வீடு

பிள்ளையார்பாளையத்தில் தேவகிக்குச் சொந்தமாக மூன்று பட்டுத் தறி. ஒன்றில் அவரே நெய்கிறார், மற்ற இரண்டில் கூலிக்கு ஆள். கடனைப் புதுப்பிக்கக் கேட்டிருந்தார். தறி ஓடுகிறதா என்று பார்த்து வருவது என் வேலை. போனேன். வீடு பூட்டியிருந்தது. ஜன்னல் வழியே பார்த்தால் மூன்று தறியும் துணி போர்த்திக் கிடந்தன. பக்கத்து வீட்டில் விசாரித்திருக்கலாம். வெயில். போட்டோ எடுத்து, ‘தொழில் இயங்கவில்லை’ என்று தட்டிவிட்டுத் திரும்பினேன். சிவப்பு.

மறுநாள் தேவகி வங்கிக்கு ஓடி வந்தார். கடன் நின்றுவிட்டதாக அவர் செல்போனுக்குச் செய்தி போயிருந்தது. தறியில் ஏற்றிய பாவு நூல் முடியப் போகிறது. அடுத்த பாவுக்குப் பட்டு வாங்காவிட்டால் கூலிக்கு நெய்யும் இருவரும் வேறு வீட்டுத் தறிக்குப் போய்விடுவார்கள். போனவர்கள் திரும்புவதில்லை. திவ்யா என் போட்டோவைக் காட்டினார். தேவகி அதிலிருந்த தேதியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நேத்து அமாவாசை. அமாவாசையில எவன்யா தறியில உக்காருவான்?”

மூன்று காரணங்கள்

காஞ்சிபுரத்துக்கே தெரிந்த விஷயம். எனக்கும் தறிக்கும் உள்ள சம்பந்தம் மகள் கல்யாணப் புடவையோடு சரி. ஆனால் நேற்று அமாவாசை என்பது எனக்குத் தெரியும். காலையில் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

சிவப்பை அழிக்க பட்டன் இல்லை. காரணம் சொல்லி மாற்றலாம். திரையில் இருப்பவை மூன்றே காரணங்கள்: இயற்கைச் சீற்றம், நெட்வொர்க் கோளாறு, ஆய்வாளர் தவறு. நெட்வொர்க் என்றால் தலைமை அலுவலகம் போய் வர ஒரு மாதம். ஆய்வாளர் தவறு என்றால் மேனேஜர் அன்றைக்கே நேரில் போய்ப் பார்ப்பார். ஆனால் தவறு என் பெயரில் ஏறும். “நெட்வொர்க்னு போட்டா உங்க ‘ஏ’ தப்பிச்சிடும் சார்” என்று திவ்யா காதோடு சொன்னார். பாவு எத்தனை நாளுக்கு வரும் என்று தேவகியிடம் கேட்டேன். நாலு நாள் என்றார். மூன்றாவது காரணத்தைத் தட்டினேன். வலித்தது. திவ்யா டேப்லெட்டை வாங்கி வைத்துக்கொண்டார்.

“நீங்க போயிட்டு வந்ததுக்கு இயற்கைச் சீற்றம்னு போட்டிருந்தாலும் பொருத்தமாத்தான் சார் இருந்திருக்கும்.”

மறு ஆய்வு

மதியமே மேனேஜரோடு போனேன். தெருமுனையிலேயே தறிச் சத்தம். மூன்றிலும் ஆள். மேனேஜர் தட்டினார். பச்சை. கூலிக்கு நெய்யும் இருவரும் தலை நிமிராமல் நெய்துகொண்டிருந்தார்கள். மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. “வரேம்மா” என்று செருப்பை மாட்டினேன். தேவகி உள்ளே போய், ஜவுளிக்கடையில் கொடுத்த தினசரி காலண்டர் ஒன்றை எடுத்துவந்து நீட்டினார்.

“வூட்ல ரெண்டு இருக்குது, வெச்சிக்கங்க. அடுத்த தபா கிழிச்சிப் பாத்துட்டு வாங்க.”

இரண்டு மாதத்தில் அந்தத் தறிவீட்டுக்கு நான் கண்டுபிடித்த ஒரே ரிஸ்க் நான்தான். அதற்குக் கிடைத்த ‘பி’ கிரேடில் எனக்குப் புகார் ஒன்றுமில்லை, மருமகனிடம் மட்டும் ரிசல்ட் இன்னும் வரவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.