காக்கா விரட்டப் போன போட்டோக்காரர்

“என் கேமராவுக்குத் தப்பின பறவை இன்னும் முட்டையை விட்டே வெளிய வரல!”

இந்தப் பிரகடனம் போன வருடப் புகைப்படக் கண்காட்சியின் நிறைவு நாளன்று, நூலகத்து மாடி அறையில், பதினான்கு பேர் முன்னிலையில் வெளியிடப்பட்டது. பதினான்கில் இருவர் பேசியவரின் மனைவியும் மைத்துனனும். ஐந்து பேர் மின்விசிறிக்காக உள்ளே வந்தவர்கள். ஒருவர் நூலகர், அறையைப் பூட்டவேண்டுமே என்று கையில் சாவியோடு நின்றிருந்தார். மற்றவர்கள் கைதட்டினார்களா இல்லையா என்பதில் இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு.

பேசியவர் எங்கள் கடைத்தெருவில் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுப்பவர். முப்பது வருடமாக ஒரே ஸ்டூல், ஒரே வெள்ளைத் திரை, ஒரே வசனம்: “தாடையை இறக்குங்க... காது தெரியட்டும்... அசையாதீங்க.” நாளடைவில் அவருக்குப் பெயரே ‘அசையாதீங்க’ அண்ணன் என்று நிலைத்துவிட்டது. இந்த வட்டாரத்தில் அடையாள அட்டை வைத்திருக்கும் யாரும் அந்த அட்டையில் தன்னைப் போல் இருப்பதில்லை. செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்தவரைப் போல் இருக்கிறார்கள். எல்லாம் அண்ணனின் கைவண்ணம்.

வாரத்தில் ஆறு நாள் மனிதர்கள், ஞாயிற்றுக்கிழமை பறவைகள் என்பது அவர் வகுத்துக்கொண்ட கலைத்திட்டம். பறவைகளிடம் ஒரு குறை. சொன்னால் கேட்காது. ஆகவே அவர் எடுத்த பறவைப் படங்களில் பாதி, பறவை அப்போதுதான் எழுந்து போன கிளையின் படங்கள். கிளைகள் மட்டும் துல்லியமாக வந்திருக்கும்.

அப்படிப்பட்டவர் அன்று ஏன் வாயைக் கொடுத்தார் என்றால், அந்த வருடப் பரிசு மைத்துனனுக்குப் போய்விட்டது. அவன் பஸ் டெப்போவில் கிளார்க். காலையில் பல் தேய்த்துக்கொண்டே, தன் ஸ்கூட்டர் சீட்டில் உட்கார்ந்திருந்த அணிலை செல்போனில் எடுத்திருந்தான். படத்தின் ஒரு மூலையில் பற்பசை நுரைகூட விழுந்திருந்தது. ‘பனித்துளியின் நுட்பம்’ என்று நடுவர்கள் பாராட்டினார்கள்.

“எல்லாம் நீங்க கத்துக் குடுத்ததுதானே மாமா,” என்றான் மைத்துனன், கோப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. எதையும் கற்றுக் கொடுத்ததாக அண்ணனுக்கு ஞாபகம் இல்லை. அந்த எரிச்சலில் பிறந்ததுதான் மேற்படி பிரகடனம்.

“சரி, அடுத்த வருஷம் என்ன மாமா எடுக்கப் போறீங்க? கோழியா?”

“வல்லூறு. கூட்டுல. குஞ்சோட.”

சொல்லி முடித்த பிறகுதான், வல்லூற்றை இதுவரை உட்கார்ந்த நிலையில் பார்த்ததில்லை என்பது அவருக்கே நினைவு வந்தது. பருந்துக்குத் தம்பி மாதிரி, புறாவுக்குச் சற்றே கூடுதலான உடம்பு, முறைப்பதில் வட்டிக்கடைக்காரரைத் தோற்கடிக்கும் கண். மரங்களுக்கு நடுவே பாயும்போது பார்த்தவர் உண்டு. நின்று பார்த்தவர் குறைவு.

ஸ்டுடியோச் சுவரில் இடம் ஒதுக்கப்பட்டது. குப்புறப் படுத்துச் சிரிக்கும் குழந்தைக்கும், நிமிர்ந்து நின்று சிரிக்காத மணமக்களுக்கும் நடுவே பெரிதாக ஒரு சட்டம். உள்ளே படம் இல்லை. கண்ணாடியும், அதன் கீழே அச்சடித்த சீட்டும் மட்டும்: ‘வல்லூறு, கூட்டில், குஞ்சுகளுடன்.’ ஓர் அம்மாள் அதன் முன்னால் நின்று கொண்டையைச் சரிசெய்துகொண்டு, “படம் நல்லா வந்திருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

“முதல்ல படத்தை எடுங்க, அப்புறம் சீட்டு அடிக்கலாம்,” என்றார் மனைவி. படங்களை வெட்டுவது, கணினியில் பரு நீக்குவது, வாடிக்கையாளரிடம் உண்மையைச் சொல்வது ஆகிய மூன்றும் அவருடைய இலாகா.

“படம் எடுத்த மாதிரிதான்.”

“பறவைகிட்ட சொல்லிட்டீங்களா?”

ஊர்க்கோடியில் குடிநீர் ஏற்றும் நிலையத்துக்குப் பின்னால் ஒரு காடு இருக்கிறது. காடு என்பது நகராட்சிப் பலகையின் கூற்று. வேகமாக நடந்தால் அரை மணியில் மறுபக்கம் வந்துவிடலாம். முட்டைக் காலம் தொடங்கியதும் அண்ணன் தேடுதலைத் தொடங்கினார். முதல் ஞாயிறு கழுத்துப் பிடித்துக்கொண்டது. இரண்டாம் ஞாயிறு ஒரு கூடு அகப்பட்டது. அது காக்கையின் கூடு என்பதைக் காக்கையே தலையில் கொத்தித் தெரிவித்தது. மூன்றாம் ஞாயிறு, உச்சிக் கிளையில் கறுப்பாக, கம்பீரமாக ஒன்று. ஒன்றரை மணி நேரம். நூற்றுப் பன்னிரண்டு படங்கள். அசையவே இல்லை. என்ன ஒழுக்கமான பறவை என்று அண்ணன் உருகிப்போனார்.

கணினியில் பெரிதாக்கிப் பார்த்த மனைவி கேட்டார்: “இது எந்தக் கடைப் பறவைங்க? கைப்பிடி தெரியுதே.”

பிளாஸ்டிக் பை. ஃபோகஸில் குறை சொல்ல முடியாது.

நான்காம் ஞாயிறு அவரைக் காப்பாற்றியவர் நிலையத்தின் பம்ப் ஆபரேட்டர். வாசலில் தன் மொபெட் சீட்டை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“என்ன சார், மேலயே பாத்துட்டுத் திரியறீங்க? எதையாவது தொலைச்சிட்டீங்களா?”

“வல்லூறு கூடு தேடறேன்.”

“அதுக்கு ஏன் மேல பாக்கணும்? இங்க பாருங்க.” சீட்டில் வெள்ளை வெள்ளையாகத் தெறிப்புகள். கீழே தரையில் குருவி இறகுகள், ஒரு பல்லி வால். “பத்து நாளா தினம் தொடைக்கிறேன். மோட்டார் ரூம் மாடியில ஏறினா நேருக்கு நேரா உட்கார்ந்திருக்கும். நான் டேங்க் லெவல் பாக்க ஏறுவேன். அது என்னைப் பாக்கும், நான் அதைப் பாப்பேன். ரெண்டு பேரும் டியூட்டியில இருக்கோம், ஒருத்தரை ஒருத்தர் தொந்தரவு பண்றதில்ல.”

அண்ணன் மாடிக்கு ஏறிப் பார்த்தார். பன்னிரண்டடி தூரத்தில், கண் மட்டத்தில், மரக்கவட்டில் குச்சிக் கூடு. பறவை ஒருமுறை எழுந்து திரும்பி உட்கார்ந்தது. வெளிறிய நிறத்தில் நான்கு முட்டைகள். எல்லாம் சரி. ஆனால் இலை அடர்ந்த கிளை ஒன்று கூட்டின் மேல் கவிந்து, பறவையின் முகத்துக்குக் குறுக்கே தொங்கியது.

வேறு யாராக இருந்தாலும் இரண்டடி தள்ளி நின்று பார்த்திருப்பார்கள். அண்ணனுக்கு அது தோன்றவில்லை. முப்பது வருடத்தில் அவருடைய கேமரா நகர்ந்ததே கிடையாது. எதிரில் இருப்பவர்தான் நகரவேண்டும். முடி விழுந்தால் முடியை ஒதுக்கவேண்டும்.

“காது தெரியல,” என்றார்.

“யாருக்கு?”

“முகத்தை மறைக்குது. துறட்டி இருக்கா?”

நுனியில் அரிவாள் கட்டிய நீளக் கழியைத்தான் கேட்டார். மின்கம்பியில் சாயும் கிளைகளை வெட்ட ஆபரேட்டர் வைத்திருந்தார். “சார், அது அதோட ஜன்னல் திரை மாதிரி. விட்டுடுங்களேன்.”

“ஒரே ஒரு கிளை. முடி ஒதுக்கற மாதிரி.”

ஆபரேட்டர் உறுதியாக மறுத்திருக்கலாம். போன மாதம்தான் அவர் மகளின் படத்தை மூன்று முறை முகம் சுளிக்காமல் எடுத்துக் கொடுத்திருந்தார் அண்ணன். துறட்டி வந்தது. கிளை விழுந்தது. பறவை பறந்தது. அது திரும்பி வந்து உட்காருவதற்குள் வெயில் இறங்கி வெளிச்சம் போய்விட்டது. “நாளைக்கு வெச்சுக்கலாம்,” என்று அண்ணன் திருப்தியோடு பையை மூடினார். சட்டத்துக்கு ஆணி போதுமா என்று வழியெல்லாம் யோசித்தார்.

மறுநாள் மத்தியானம் போனபோது ஆபரேட்டர் வணக்கம் சொல்லவில்லை.

“காலையில ரெண்டு காக்கா வந்துது சார். ஒண்ணு வாலைப் பிடிச்சு இழுத்துது. இது திரும்பி அதைத் துரத்துச்சு. அதுக்குள்ள இன்னொண்ணு ஒரு முட்டையைத் தூக்கிட்டுப் போயிடுச்சு. இத்தனை நாளா அதுங்களுக்கு அப்படி ஒரு கூடு இருக்கறதே தெரியாது.”

அண்ணன் மாடி ஏறினார். உச்சி வெயில் கூட்டுக்குள் நேராக இறங்கியது. பறவை உட்காரவில்லை. மூன்று முட்டைகளுக்கு மேல் நின்றபடி இறக்கையைப் பாதி விரித்துக் குடை பிடித்திருந்தது. அலகு திறந்திருந்தது, மூச்சு இரைத்தது. எதிர்க் கிளையில் இரண்டு காக்கைகள், நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிடுவார்கள் என்று காத்திருப்பவர்களைப் போல அடக்கமாக உட்கார்ந்திருந்தன.

“இப்ப காது நல்லாத் தெரியுது சார்,” என்றார் ஆபரேட்டர். “எடுங்க.”

வெளிச்சம் இருந்தது. பின்னணி சுத்தமாக இருந்தது. முகத்துக்குக் குறுக்கே எதுவும் இல்லை. பையின் ஜிப்பைத் தொடாமல் அண்ணன் கீழே இறங்கி, ஸ்டுடியோவுக்கு ஓடினார்.

முதலில் வந்தது ஸ்டுடியோவின் பழைய வண்ணத் திரை: ஏரி, இரண்டு அன்னங்கள், எங்கும் போய்ச் சேராத ஒரு மாடிப்படி. அதைக் கூட்டுக்கு மேற்கே நிழலுக்காகக் கட்டினார். தன்னைவிடப் பெரிய அன்னங்களைக் கண்ட வல்லூறு பறந்து போய், கத்திக்கொண்டே சுற்றியது. பத்து நிமிடத்தில் திரை அவிழ்க்கப்பட்டது. அடுத்து வந்தது விளக்கு ஸ்டாண்ட். அதன் தலையில் மூங்கில் கழியைக் குறுக்கே கட்டி, பின்முனையில் மணல் மூட்டை தொங்கவிட்டு, முன்முனையில் புதிதாக வெட்டிய இலைக் கொத்தைக் கட்டிக் கூட்டின் மேல் நீட்டினார். திருகைத் தளர்த்தினால் கழி நகரும், இறுக்கினால் நிற்கும். முப்பது வருடம் ஊர் முகங்களில் வெளிச்சம் பாய்ச்சிய ஸ்டாண்ட், அன்றுமுதல் நிழல் பிடித்தது. பறவை வந்து இலையைப் பார்த்தது, அண்ணனைப் பார்த்தது, உட்கார்ந்தது.

இலை மாலைக்குள் வாடிவிடும். ஆகவே தினம் காலை புதுக் கொத்து. போலி இலையில் காக்கைகள் ஏமாறவில்லை. கூடு இருக்கும் இடம் அவற்றுக்குத் தெரிந்துவிட்டது. ஆகவே தினமும் நாள் முழுக்கக் காவல். ஆயுதம், வெளிச்சத்தைத் திருப்பிவிடும் ஸ்டுடியோவின் வெள்ளிக் குடை. காக்கை நெருங்கினால் படாரென்று விரிப்பார். நாலாம் நாளே காக்கைகள் அவரை அடையாளம் கண்டுகொண்டன. சாயங்காலம் கடைவரை பின்தொடர்ந்து வந்து, பெயர்ப்பலகைமேல் உட்கார்ந்து திட்டின. எத்தனையோ ஆயிரம் முகங்களை எடுத்தவரின் முகத்தை அவ்வளவு அக்கறையாக நினைவில் வைத்திருந்தவை அந்த இரண்டு ஜீவன்கள்தான்.

கடையை மனைவி பார்த்துக்கொண்டார். அவர் எடுத்த படங்களில் எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு விண்ணப்பங்கள் அதனாலேயே திரும்பி வந்தன.

“சிரிக்காதீங்கன்னு சொல்ல வேண்டியதுதானே?” என்றார் அண்ணன்.

“நீங்க சொன்னா பயப்படறாங்க. நான் சொன்னா அதுக்கே சிரிக்கிறாங்க. நான் என்ன பண்ண?”

ஒருநாள் மைத்துனன் கடைக்கு வந்தான். “அக்கா, மாமா எங்க?”

“காக்கா விரட்டப் போயிருக்கார்.”

“ஊர்ல அவனவன் காக்கா பிடிச்சு முன்னுக்கு வர்றான். இவர் விரட்டறாரா!” வெற்றுச் சட்டத்தின் முன் நின்று தலை வாரிக்கொண்டான். “குஞ்சு பொரிக்கப் போறது யாரு, மாமாவா, பறவையா? போட்டிக்குப் படம் குடுக்க முப்பதாந்தேதி சாயங்காலம் அஞ்சு மணியோட சரி, சொல்லிடு.”

“நீ போய் உன் ஸ்கூட்டரைத் துடைடா,” என்றார் அக்கா. வெட்டிய கிளையின் கதை வீட்டில் அவருக்கு மட்டும் தெரியும். தம்பியிடம் சொல்லவில்லை.

பதினெட்டு நாள் இப்படிப் போனது. கேமராப் பை மொட்டைமாடியில் பெரும்பாலும் தலையணையாகப் பணியாற்றியது. முப்பதாம் தேதி மத்தியானம் ஆபரேட்டர் மேலே வந்தார். ‘காது’ பேச்சுக்குப் பிறகு அவர் தாமாக வாய் திறந்தது அன்றுதான். “சார், கீழ முட்டை ஓடு கிடக்குது. பாதி ஓடு. கொத்தின ஓடு இல்ல, வெடிச்ச ஓடு.”

அண்ணன் கேமராவை வெளியே எடுத்தார். லென்ஸைத் துடைத்தார். இன்னொரு தரம் துடைத்தார்.

மூன்றரை மணிக்கு மனைவி கடையைப் பூட்டிவிட்டு, போட்டிப் படிவத்தோடு மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார். பெயர், முகவரி, படத்தின் தலைப்பு எல்லாம் அவர் கையெழுத்தில் பூர்த்தியாகியிருந்தது.

“அஞ்சு மணிக்கு நூலகர் பூட்டிடுவார். தம்பி நேத்தே குடுத்துட்டான்.”

“என்ன படம்?”

“அதே ஸ்கூட்டர். இந்தத் தடவை பூனை.”

கூட்டில் தாய் எழுந்து ஓரமாக நின்றது. இலைக் கொத்துக்குப் பின்னால் ஏதோ வெள்ளையாக ஆடியது. முகம் தெரியவில்லை. கழியை ஒரு சாண் தள்ளினால் தெரியும். எதிர்க் கிளையில் இரு காக்கைகளும் கழுத்தை நீட்டின.

“தள்ளுங்க. ரெண்டே செகண்டு. எடுத்துட்டு மறுபடி இழுத்துவிட்டுடலாம். குடையை நான் பிடிச்சுக்கறேன்.”

அண்ணன் திருகின் மேல் கை வைத்தார். முப்பது வருடத்தில் எத்தனை ஆயிரம் முறை திருகிய திருகு. கண்ணை மூடிக்கொண்டு தளர்த்துவார்.

“காக்காவுக்கும் ரெண்டே செகண்டுதான் வேணும்,” என்றார்.

திருகை இன்னும் ஒரு சுற்று இறுக்கினார்.

மனைவி படிவத்தை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். அண்ணனை ஒட்டிக் குனிந்து, இலை இடுக்கு வழியாகப் பார்த்தார். பஞ்சு உருண்டை மாதிரி ஒரு தலை, தாங்க முடியாமல் ஒருபக்கம் சரிந்து, மறுபடி நிமிர்ந்து, வாயைத் திறந்தது.

“வெளிய வந்துடுச்சுங்க,” என்றார் கிசுகிசுப்பாக.

“ம். பாத்தேன்,” என்றார் அண்ணன், லென்ஸ் மூடியை அழுத்திப் பொருத்திக்கொண்டே.