கொல்லையில் புதைத்த பித்தப்பை

நீடாமங்கலம் பக்கத்தில் என் அக்கா பொன்னுத்தாயை நடவுக்குக் கூப்பிடாத வயல்காரர் கிடையாது. இருபது பெண்களைக் கூட்டிக்கொண்டு போவாள். வேலை பிசகினால் வயல்காரர் முன்னாலேயே திட்டித் தீர்த்துவிடுவாள்; பெண்களும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார்கள்.

இரண்டு வருஷமாக அவளுக்கு வலது விலாவுக்குக் கீழே வலி. கறி தின்றால் தோள்பட்டை வரைக்கும் இழுக்கும். வாயு என்று சொல்லி ஓமத்தண்ணீரைக் குடிப்பாள். நடவு முடியட்டும், களை முடியட்டும் என்று தள்ளிப்போட்டாள். ஒருநாள் சேற்றிலேயே சுருண்டு விழுந்த பிறகுதான் தஞ்சாவூருக்குத் தூக்கிப்போனோம். ஸ்கேனில் பித்தப்பை நிறையக் கல். பையின் சுவரும் தடித்திருந்தது. வயிற்றில் நாலு சின்ன ஓட்டை போட்டுப் பையை எடுத்துவிட்டார்கள்.

ஆபரேஷன் முடிந்ததும் நர்ஸ் ஒரு டப்பாவை என் கையில் கொடுத்தாள். மருந்துத் தண்ணீரில் அந்தப் பை கிடந்தது. எதிர்த்தெரு லேபில் கொடுங்கள், புற்று ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள் என்று சொல்லி, ஒரு சீட்டும் தந்தாள். அதைப் பார்க்கக் கூசி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பஸ்ஸுக்கு வேறு நேரமாகிவிட்டது. அக்கா வீட்டுக்காரர் கோவிந்தராசு மாமா கையில் டப்பாவைத் திணித்து, "இதப் பாத்துக்கங்க மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், லேபுக்குத் தந்த அந்தச் சீட்டு என் கைப்பையிலேயே கிடந்தது. மாமா கொடுத்திருப்பார் என்று கிழித்துப் போட்டேன். அவசரக்காரிக்குப் புத்தி மட்டு, வேறென்ன சொல்ல.

மாமாவுக்கு என்ன தெரியும்? உடம்பிலிருந்து வெட்டியதை நாய் வாயில் போக விடக்கூடாது என்பார்கள் எங்கள் பக்கத்தில். அவர் கொல்லையில் குழி தோண்டி, மஞ்சள் தூவிப் புதைத்துவிட்டார். தையல் பிரிக்கப் போனபோதும் ரிப்போர்ட் எங்கே என்று ஒருத்தரும் கேட்கவில்லை, பாவிகள்.

ஆறு மாதத்தில் அக்காவின் கண் மஞ்சளாயிற்று. உடம்பெல்லாம் அரிப்பு. வேறொரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். பித்தப்பையில் இருந்த புற்று ஈரல் முழுக்கப் பரவிவிட்டது என்றார் அங்கிருந்த டாக்டர். எடுத்த பையைப் பரிசோதித்த ரிப்போர்ட்டைக் கேட்டார். அப்போதே தெரிந்திருந்தால் இன்னொரு ஆபரேஷன் செய்து காப்பாற்றப் பார்த்திருக்கலாம், இனிமேல் வழியில்லை என்றார்.

மாமா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நாந்தான் சார், தெரியாம பொதைச்சிட்டேன்," என்றார் மாமா.

பக்கத்தில் இருந்து அதைக் கேட்ட அக்கா அன்றிலிருந்து அவரோடு பேசவில்லை. ஒரே ஒருநாள் அவர் கஞ்சி கொண்டுவந்தபோது மட்டும் வாயைத் திறந்தாள்.

"இந்தக் கையாலதான என்னையப் பொதைச்சீங்க? கொண்டு போங்க."

அவர் கிண்ணத்தை என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே போனார். அப்போதும் என் பேரைச் சொல்லவில்லை. சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைப்பேன். சொன்னால் என்னையும் விரட்டிவிடுவாளே என்று பயம். சீ, நானும் ஒரு தங்கச்சியா!

இரண்டு மாதம், கடைசி நாள் வரைக்கும், என் கையால்தான் கஞ்சி குடித்தாள்.

"எனக்குன்னு இருக்கறது நீ ஒருத்திதாண்டி," என்பாள்.

நான் அவள் வாயைத் துடைத்துவிடுவேன்.