நான் அழித்த ஹார்ட் டிஸ்க்

செஞ்சியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். போன வருடம் அனந்தபுரத்திலிருந்து ஒரு டீச்சர் தன் பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார். இன்னொரு ஹார்ட் டிஸ்க் போட்டு, அதில் விண்டோஸ் ஏற்றித் தரச் சொன்னார்.

“பழைய டிஸ்க்குல மட்டும் கை வச்சிடாதப்பா. எங்க வூட்டுக்காரர் போட்டோ, அவர் பேசுன வீடியோ எல்லாம் அதுலதான் இருக்குது. அவர் போயி ரெண்டு வருசமாவுது.”

பழைய டிஸ்க்கின் வயரைக் கழற்றிவிட்டுத்தான் அந்த வேலையைத் தொடங்க வேண்டும். சோம்பலில் கழற்றவில்லை. இரண்டும் ஒரே அளவு என்பதால், திரையில் எது பழையது என்று தெரியவில்லை. விண்டோஸ் ஏறி முடிந்த பிறகுதான், நான் அழித்தது பழையதை என்று தெரிந்தது. இரண்டு நாள் போராடியும் ஒரு படம்கூடத் திறக்கவில்லை.

அவர் வந்ததும், “பழைய டிஸ்க் ஏற்கெனவே போயிருந்துது டீச்சர்” என்றேன்.

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “கரண்ட் போறப்பல்லாம் சுவிட்ச அணைக்காம அப்படியே வுட்டுடுவேன். நாந்தான் கெடுத்துட்டேன் போல. நீ இன்னா பண்ணுவ, பாவம்.”

கம்ப்யூட்டரைத் தூக்கி ஆட்டோவில் வைத்தேன்.

கைத்தவறுக்கு அன்றே மன்னிப்புக் கேட்டிருக்கலாம். பொய்க்கு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. அவர் இன்னும் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருப்பார். அவருடைய நம்பர் என் போனில் இருக்கிறது. நான் இதுவரை கூப்பிடவில்லை.